சிவப்பு நூல் கட்டிய கம்பு

உங்களில் எத்தனை பேர் வீட்டில் துப்பாக்கி இருந்தது? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். நம் வயசுக்காரர்கள் நாலு பேர் கூடினால் வால்வு ரேடியோ, பெட்ரோமாக்ஸ் விளக்கு, ரேஷன் மண்ணெண்ணெய் என்று ஆரம்பித்து ஒரு சாயங்காலத்தையே ஓட்டிவிடுவீர்கள். எங்கள் மாமன் வீட்டில் ஒன்பது துப்பாக்கிகள் இருந்தன என்று நான் சொன்னால் மட்டும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பீர்கள். அந்தக் கதையை நான் முழுசாக யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம் அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டு வந்தேன். ஆகையால் இனி உங்களிடமும் சொல்லலாம். கொஞ்சம் நீளும். காப்பி ஆறிப்போனால் என்னைக் குறை சொல்லக் கூடாது.

மாமன் என்றால் அம்மாவின் மூத்த அண்ணன். நெய்யாற்றின்கரையில் பத்திர எழுத்தர். வீடு குன்னத்துகால் பக்கம். முற்றத்தில் நின்று கிழக்கே கூப்பிட்டால் அடுத்த மாநிலத்தில் நிற்கிறவர் என்னவென்று கேட்பார், அவ்வளவு பக்கத்தில் எல்லை. மாமனுக்கும் மாமிக்கும் பிள்ளைகள் இல்லை. எனக்குப் பத்து வயசாக இருக்கும்போது அம்மா கடைசித் தம்பியைச் சுமந்துகொண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தாள். கோடை விடுமுறை தொடங்கிய கையோடு என்னை மாமன் வீட்டில் கொண்டு விட்டார்கள். மழைக்காலம் பாதி போகும்வரை அங்கேதான் இருந்தேன்.

அங்கெல்லாம் துப்பாக்கியைத் தோக்கு என்பார்கள். மாமனுக்கு ஊரில் 'தோக்கு ரைட்டர்' என்று பெயர். வீட்டின் வடக்கறையில் பலாமர முளைகள் அடித்து வரிசையாகத் தொங்கவிட்டிருந்தது. ஐந்து துப்பாக்கிகள் அந்தக் காலத்து வகை. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, தேங்காய் நாரை அடைத்து, மேலே ஒரு நீளக் கம்பால் இடித்துச் சுடுவது. இரண்டு, தோட்டா போடும் இரட்டைக் குழல். ஒன்று ரைஃபிள், மலை எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறிய ஒரு துரை விட்டுவிட்டுப் போனது. அந்த அறைக்கு ஒரு வாசனை உண்டு. தையல் மெஷின் எண்ணெயும் பழைய இரும்பும் மழைக்காலத்து மரமும் கலந்த வாசனை. இப்போதும் யாராவது தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டால் நான் வேலையை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பேன்.

பத்திரம் எழுத வருகிறவர்களிடம் மாமன் தன் துப்பாக்கிகளைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார் என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டில் அவர் அந்த அறைக்குள் போய் நான் பார்த்ததே அபூர்வம். கிறிஸ்துமசுக்குப் பையன்கள் ஓலைப்பட்டாசு வெடித்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கையில் ரைஃபிளோடு எடுத்த ஒரு போட்டோ முன்னறையில் மாட்டியிருந்தது. அடுத்த வீட்டுக் கைக்குழந்தையைப் பிடித்திருப்பது போல, எங்கே மேலே பெய்துவிடுமோ என்கிற முகத்தோடு அதைப் பிடித்திருப்பார். அந்தப் போட்டோவைப் பார்த்த ஒருவருக்குமா சந்தேகம் வரவில்லை என்று இப்போது எனக்குக் கோபம்கூட வருகிறது.

துப்பாக்கிகள் மாமியுடையவை.

மாமன் காலை வண்டிக்குப் போனதும் சனிக்கிழமைகளில் மாமி வடக்கறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். முதல் வாரம் என்னை வெளியே நிறுத்தினார். நான் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்ததைப் பார்த்துவிட்டு இரண்டாம் வாரம் உள்ளே கூப்பிட்டார்.

"வா. ஆனா வாய் திறக்கப்பிடாது. இது நமக்குள்ள உள்ள காரியமாக்கும்."

மாமனின் பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருப்பார். வெந்நீரைக் குழலில் ஊற்றி ஆட்டிக் கொட்டுவார். கம்பு நுனியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டு, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை தேய்ப்பார். பிறகு எண்ணெய். ஆரம்பத்தில் தேங்காய் எண்ணெய் போட்டு, அது மழையில் பிசின் மாதிரிப் பிடித்துக்கொண்டு, பிடிப்பை எடுக்க ஒரு மாதம் பட்ட பாட்டைச் சொல்லிச் சிரிப்பார். அவருடைய அப்பா மலை எஸ்டேட்டில் காவல்காரர். பன்றி இறங்கும் தோட்டம். கல்யாணத்துக்கு முந்தி அப்பாவின் துப்பாக்கியைத் துடைத்து வைத்தது மாமிதான். "எங்கப்பாக்கு ராத்திரி வேல. பகல்ல ஒறங்கும்போ தோக்கு எனக்கக் கையிலதான்" என்பார்.

அந்தக் கம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது. இடிகம்பு ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி, குழலுக்கு அடியில் செருகியிருக்கும். மாமி அதை உருவி, குழலுக்கு வெளியே வாயிலிருந்து, குதிரை என்கிற சின்னச் சுத்தியல் வந்து தட்டும் இடம்வரை ஒட்டி வைத்து அளப்பார். அந்த அளவில் கம்பில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, அதன்மேல் சிவப்பு நூலைச் சுற்றி முடிச்சிடுவார். பிறகு கம்பைக் குழலுக்குள் விடுவார்.

"பாத்துக்கோ மக்கா. நூல் குழலுக்க வாயில வந்து நின்னா அது வெறும் தோக்கு. நூல் வெளிய நின்னா உள்ள ஆளு உண்டு. அப்பிடிப்பட்ட தோக்க ஒருத்தனும் தொடப்பிடாது."

ஐந்து கம்பிலும் சிவப்பு நூல் சரியாக வாயில் வந்து நிற்கும். நானே விட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஒன்பதாவது துப்பாக்கி வந்தது அந்தக் கோடையில்தான். செங்கல் என்கிற ஊரில் ஒரு பழைய வீட்டில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கிறார்கள், பத்திரம் எழுத மாமனைக் கூப்பிட்டிருந்தார்கள். மாமியும் நானும் கூடப் போனோம். தேங்காய் மட்டை போடும் கொட்டகையின் கதவுக்கு முட்டுக்கொடுத்து ஒரு துப்பாக்கி நின்றது. கட்டையின் கழுத்து எப்போதோ உடைந்து, பித்தளைக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருந்தது. கம்பி முடிகிற இடத்தில் ஒரு பழைய திருவிதாங்கூர்ச் செப்புக் காசை ஆணியடித்து வைத்திருந்தார்கள்.

"அது எங்கப்பாவுக்க அப்பன் காட்டுப்பண்ணியச் சுட வச்சிருந்ததாக்கும்" என்றாள் வீட்டுக்காரி. "இப்ப கதவுக்குக் காவல்."

மாமன் துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பத்திரத்தைப் பற்றியே பேசிக்கொண்டு மாமியின் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தார். மாமி முந்தியை இழுத்து மூடிக்கொண்டு, "குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தருவேளா" என்றார். வீட்டுக்காரி தண்ணீர் எடுக்கப் போனதும் மாமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பத்திரக்கூலி வேண்டாம், அந்தக் கதவுக் காவல்காரனைத் தந்தால் போதும் என்று ஆரம்பித்தார். துப்பாக்கியோடு திரும்பி வரும்போது நான் கேட்டேன்.

"மாமி, நீங்க வீட்டில இருந்து வெள்ளம் குடிச்சிட்டுத்தானே வந்திய?"

மாமன் வெடித்துச் சிரித்துவிட்டார். "சி.ஐ.டி. போலீசில சேத்து விடலாம் இந்தப் பிள்ளைய" என்றார். மாமி வெள்ளம் கேட்டால் வாங்கு, மழை வரும்போல இருக்கு என்று எழுந்தால் வாங்காதே. பதினெட்டு வருஷமாக அவர்களுக்குள் அதுதான் கணக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து ஊரையே ஏமாற்றியிருக்கிறார்கள், அதில் அவர்களுக்கு ஒரு கொண்டாட்டம் இருந்தது. லைசென்ஸ் ஆண்பிள்ளை பெயரில்தான் கிடைக்கும் என்று கல்யாணமான புதிதில் யாரோ சொன்னதை நம்பி மாமன் பெயரில் எடுத்தார்களாம். அப்படியே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மாமி கைகால்கூடக் கழுவவில்லை. கம்பை வெளியே வைத்து அளந்தார், கீறினார், நூல் கட்டினார், குழலுக்குள் விட்டார். கம்பு தட்டி நின்ற சத்தமே வேறு மாதிரி இருந்தது. நூல் குழல் வாய்க்கு மேலே நாலு விரல் உயரத்தில் நின்றது.

மாமி என் தோளைப் பிடித்துப் பைய அறைக்கு வெளியே கொண்டு நிறுத்தினார். "உள்ள ஆளு உண்டு" என்றார். குரலில் பயம் இல்லை, மரியாதை இருந்தது. எத்தனை வருஷமாகக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு, உள்ளே மருந்தும் குண்டுமாக நின்றிருக்கிறது அது. அந்த வீட்டுப் பிள்ளைகள் அதில் ஊஞ்சல்கூடக் கட்டியிருப்பார்கள்.

குண்டை வெளியே எடுக்கக் கம்பு நுனியில் பொருத்துகிற ஒரு திருகுமுனை வேண்டும். மாமி அதைக் காகிதத்தில் வரைந்து, அளவும் குறித்து மாமனிடம் கொடுத்தார். களியக்காவிளைக் கொல்லனிடம் சொல்லி அடித்து வாங்கி வருவதாக மாமன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அன்று மத்தியானம் எழுதிக்கொண்டிருந்த பலகையின் மேலேயே தலையைச் சாய்த்தார், பிறகு எழுந்திருக்கவில்லை.

சட்டைப்பையில் இருந்த அந்தக் காகிதத்தை இளைய மாமன்தான் எடுத்தார். மாமனின் தம்பி, அம்மாவுக்கும் அண்ணன்தான். காகிதத்தை எல்லோருக்கும் காட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியளா, சாவுற அன்னைக்கும் அண்ணனுக்குத் தோக்கு நெனப்புதான்." வந்தவர்கள் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். மாமி அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையெழுத்து என்று சொல்ல அது நேரமா?

அடக்கம் முடிந்ததும் ஆண்கள் கூடிப் பேசினார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இளைய மாமன் நாள் தவறாமல் வந்து வீட்டுக்கு வேண்டியதைப் பார்த்தார். என் அப்பா மாமியின் கிணற்றுக்குப் புதுக்கயிறு வாங்கிப் போட்டார். அன்பாகவே இருந்தார்கள். அந்த அன்போடுதான், "மைனி பாவம், இத்தன காலம் அண்ணனுக்குப் பயந்து இந்த இரும்பையெல்லாம் சகிச்சுக்கிட்டுக் கெடந்தாவ. இனியாவது வீட்டுல ஒரு வெளிச்சம் வரட்டும்" என்று இளைய மாமன் முடிவெடுத்தார். லைசென்ஸ்காரர் இறந்தால் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்க வேண்டும். வாரிசு கேட்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வாரிசு கேட்டது. பத்திர எழுத்தரின் மனைவிக்கு மனு எழுதத் தெரியாதா? ஒரு நாள் பாறசாலைச் சந்தைக்குப் போகும் வழியில் தபாலாபீசில் நிறுத்தி, ஒரு காக்கி உறையை என் கையில் கொடுத்தார். "நீ இடு மக்கா. நல்ல காரியமாக்கும்." நான்தான் பெட்டியில் போட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் போதும், இந்த அறுபத்திரண்டு வருஷத்தை நான் வேறு மாதிரி வாழ்ந்திருப்பேன்.

மழை பிடித்த பிறகு ஒரு காலையில் எஸ்.ஐ. வரப்போவதாகத் தகவல் வந்தது. விசாரணை என்றார்கள். துப்பாக்கிகளை எடுத்துப்போக வருகிறார் என்றே எல்லோரும் நினைத்தோம். அப்பாவும் வந்திருந்தார். அவருக்கு என்னைச் சீண்டுவது ஒரு பழக்கம்.

"பிள்ளே, போலீசு வருது கேட்டியா. லைசென்ஸ் இல்லாதவங்க ஆராவது தோக்கத் தொட்டிருந்தா ஒடனே விலங்கு. நீ வல்லதும் தொட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன். என்னைப் பற்றி எனக்குப் பயமில்லை. மாமி பதினெட்டு வருஷமாகத் தொட்டிருக்கிறார். கழுவியிருக்கிறார், அளந்திருக்கிறார், நூல் கட்டியிருக்கிறார். மாமனையும் கொண்டுபோய் மண்ணில் வைத்தாயிற்று, இனி மாமியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அடுக்களையில் அம்மியடியில் உட்கார்ந்து நான் ஜெபம் பண்ணினேன். அப்படி ஒரு ஜெபத்தை அதற்குப் பிறகு நான் பண்ணியதில்லை.

முன்னறையில் நடந்தது எனக்குப் பிறகு தெரிந்தது. எஸ்.ஐ. மனுவை எடுத்துப் படித்திருக்கிறார். இந்தத் துப்பாக்கிகளைப் பதினெட்டு ஆண்டுகளாகத் துடைத்துப் பராமரிப்பது நான்தான், எனக்குக் கையாளத் தெரியும், ஆகவே என் பெயருக்கு உரிமம் தர வேண்டும் என்று மாமி எழுதியிருந்தார். இளைய மாமன் திகைத்துப் போய், பிறகு சிரித்து, துக்கத்தில் எழுதிவிட்டார் சாரே என்றிருக்கிறார். பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று எஸ்.ஐ. கேட்டிருக்கிறார். மாமி அடுக்களைப் பக்கம் கையைக் காட்டி, "அந்தப் பிள்ளையிட்டக் கேளுங்க. அதுக்கு எல்லாம் தெரியும்" என்றிருக்கிறார்.

என்னைக் கூப்பிட்டார்கள். நல்ல உயரமான மனுஷன், மீசை நரைத்தவர், குனிந்து மலையாளத்தில் கேட்டார். குரலில் ஒரு தயவு இருந்தது.

"மோளு பேடிக்கண்டா. ஈ தோக்கொக்கெ ஆரா துடச்சு வைக்குந்நது?"

பயப்படாதே மகளே, இந்தத் துப்பாக்கிகளை யார் துடைத்து வைப்பது என்று அர்த்தம். மாமி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் மாமன் செத்த பிறகு முதல்முறையாக ஒரு தெளிச்சம். நான் அதைத் தவறாகப் படித்தேன். என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே என்று கேட்பதாக எடுத்துக்கொண்டேன்.

"மாமனாக்கும்" என்றேன். "மாமி தொடவே மாட்டாவ. அவியளுக்குத் தோக்குன்னா பயம்."

கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன், மாமியை நன்றாகக் காப்பாற்ற வேண்டுமே.

எஸ்.ஐ. நிமிர்ந்து, பேனா மூடியைப் போட்டார். குழந்தைகள் பொய் சொல்லாது என்று இளைய மாமனிடம் சொன்னார். மாமியின் முகத்தில் இருந்த தெளிச்சம் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. நான் மறுபடி பார்த்தபோது அது இல்லை.

பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. துப்பாக்கிகளைக் கழற்றி முன்னறையில் பரப்பினார்கள். எண்களைப் படித்துப் புத்தகத்தில் சரிபார்த்தார்கள். காசு பதித்த துப்பாக்கியை ஒரு கான்ஸ்டபிள் தூக்கியபோது மாமி எழுந்தார்.

"சாரே, அதில மருந்து கெட்டியிருக்கு. உள்ள குண்டு உண்டு. எடுக்காம கொண்டு போவப்பிடாது."

எஸ்.ஐ. இளைய மாமனைப் பார்த்தார். இளைய மாமன் தலையை மெல்ல ஆட்டினார், துக்க வீட்டில் ஆட்டுவது போல. பிறகு துப்பாக்கியை வாங்கி, குதிரையை இழுத்து விசையைத் தட்டினார். டக் என்றது. அவ்வளவுதான். நெருப்புப் பொறிக்கிற கேப்பு போடாமல் அது வெடிக்காது என்று அந்த அறையில் மாமிக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

"பாத்தியளா மைனி, ஒண்ணும் இல்ல. வெப்ராளப்படாதீங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். "எலே, அந்தக் கயறக் கொண்டு வா, கெட்டணும்."

துப்பாக்கியைத் தொடவே பயப்படுகிற பெண்பிள்ளை சொன்னால் யார் நம்புவார்கள். அவளுக்குப் பயம் என்று சாட்சி சொன்னது நான். உபயோகமற்றது என்று அந்தத் துப்பாக்கிக்கு எதிரே எழுதிக்கொண்டார்கள்.

பாயில் சுருட்டிக் கட்டும்போது மாமி இன்னொரு முறை பேசினார். "கம்புக்கு நம்பர் இல்லல்லோ சாரே. அது இஞ்ச இருக்கட்டும்." எஸ்.ஐ.க்கும் மனசு சங்கடப்பட்டிருக்க வேண்டும், சரி என்றார். ஆறு இடிகம்புகளும் சிவப்பு நூலோடு வீட்டில் தங்கின. ஜீப் போன பிறகு வடக்கறைச் சுவரில் வெறும் முளைகள் நின்றன. முளைக்கு மேலே, துப்பாக்கி மறைத்திருந்த இடத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகவே இருந்தது.

மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே மாமி கேட்டார்.

"எதுக்கு மக்கா அப்பிடிச் சொன்ன?"

"ஒங்களப் பிடிச்சிட்டுப் போவாங்கன்னு அப்பா சொன்னாரு."

கரண்டி சட்டியிலேயே நின்றது. அப்புறம்தான் மனுவைப் பற்றி எனக்குச் சொன்னார், என்னைச் சாட்சிக்குக் காட்டியதையும் சொன்னார். நான் இலையைத் தள்ளிவிட்டு அழுதேன். எஸ்.ஐ.யிடம் போய் மாற்றிச் சொல்கிறேன், இப்போதே போகிறேன் என்று எழுந்தேன். மாமி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இனி சொன்னா நான் சொல்லிக் குடுத்தேன்னுதான் எடுத்துக்கிடுவாவ. இரி. நீ எனக்காகத்தான் சொன்ன, அது எனக்குத் தெரியும்." பிறகு வேறு குரலில் சொன்னார். "தோக்கு போனா போட்டு. அந்த ஒன்பதாவதில ஆளு உண்டு. அத மட்டும் நாம ரெண்டு பேரும் மறக்கப்பிடாது."

மாமி அதற்குப் பிறகு ஸ்டேஷனுக்கு ரெண்டு கடிதம் எழுதினார். பதில் இல்லை. துப்பாக்கிகள் ஒரு கடைக்குப் போயின, அங்கிருந்து யார் யார் கைக்கோ போயின. என் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரங்களோடு மாமி ஒரு கம்பையும் வைத்தார். மாப்பிள்ளை வீட்டில் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். கொடியில் துணி தூக்கிப் போட நல்லது என்று மாமி எல்லோருக்கும் சொன்னார். எனக்கு மட்டும் அது எந்தத் துப்பாக்கியின் கம்பு என்று தெரியும். நான் துணிதான் தூக்கினேன். மாமி போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் ஆகிறது. பேப்பரில் எங்காவது பழைய துப்பாக்கி வெடித்தது என்று செய்தி வந்தால், ஊர் எது, குழந்தைக்கு என்ன ஆச்சு என்று கடைசி வரிவரை படிக்காமல் நான் பேப்பரைக் கீழே வைத்ததில்லை.

போன மாதம் பேத்தியின் பிறந்தநாளுக்குக் கோட்டுகால் பக்கம் ஒரு தங்கும் விடுதிக்குக் கூட்டிப்போனார்கள். பழைய மரவீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து கட்டியது. சாப்பாட்டுக் கூடத்தின் சுவர் முழுக்கத் துப்பாக்கிகள். முதலாளிக்குச் சேர்ப்பதில் பிரியமாம். நான் கை கழுவப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். மூன்றாவதாகத் தொங்கியதின் கழுத்தில் பித்தளைக் கம்பி. கம்பி முடிகிற இடத்தில் செப்புக் காசு. கீழே கம்பு செருகும் இடம் காலி. ஒரு கல்லூரிப் பையன் அதைக் கழற்றித் தோளில் வைத்து, குதிரையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான், எதிரே அவன் கூட்டுக்காரி போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கீழ வை" என்று நான் போட்ட சத்தத்தில் கூடம் அடங்கிவிட்டது. மகனுக்கு வெட்கமாகப் போயிற்று. மேனேஜர் பையன் ஓடி வந்து, "அம்மா, இதெல்லாம் சும்மா அழகுக்கு. ஒண்ணும் வேல செய்யாது" என்றான்.

"எவ்வளவு நேரம் இங்க இருப்பே?" என்று கேட்டேன்.

"சாயங்காலம் வரைக்கும்."

"அதுவரைக்கும் இந்தத் தோக்கப் பக்கத்தில ஆரையும் விடாத. நான் போயிட்டு வாறேன்."

மகன் தலையில் அடித்துக்கொண்டு காரை எடுத்தான். போக வர ரெண்டு மணி நேரம். நான் கம்பை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நூல் சிவப்பெல்லாம் போய் மண் நிறமாகிவிட்டது, ஆனாலும் கீறலைவிட்டு நகரவில்லை.

மேனேஜர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துப் பிடிக்க, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கம்பைப் பைய உள்ளே விட்டேன். அந்தச் சத்தம் எனக்கு மறக்கவில்லை. தட்டி நின்றது. நூல் குழல் வாய்க்கு மேலே நாலு விரல் உயரத்தில் நின்றது. நான் விரலை வைத்துக் காட்டினேன். அதன் அர்த்தத்தை விளக்கிச் சொன்னதும் மேனேஜர் பையன் எல்லோரையும் வெளியே அனுப்பினான். அவர்கள் கூடத்தைப் பூட்டினார்கள். போலீஸுக்குப் போன் போட்டார்கள்.

மறுநாள் ஆயுதம் தெரிந்த ஒருவர் வந்து குழலில் தண்ணீர் ஊற்றி ஊற வைத்து, திருகுமுனையால் சுழற்றி இழுத்தார். கறுத்துப்போன தேங்காய் நார் வந்தது. பிறகு புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிய ஈயக் குண்டு. பிறகு விரித்த செய்தித்தாளின் மேல் கருப்பு மருந்து சேறாகக் கொட்டியது. மகன் எட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

வாக்குமூலம் எழுத ஒரு எஸ்.ஐ. வந்திருந்தார். பெண். இடுப்பில் கைத்துப்பாக்கி, என் மகளைவிடச் சின்ன வயசு. எங்கள் மாமன் வீட்டுத் துப்பாக்கிகளில் ஒன்று இது என்று நான் சொன்னதும், நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டுக்கொண்டு கேட்டார்.

"அம்மே, இதில மருந்துண்டெந்நு அம்மைக்கு எங்ஙன அறியாம்? இது ஆரா துடச்சு வச்சிருந்நது?"

உள்ளே மருந்து இருப்பது எப்படித் தெரியும், யார் துடைத்து வைத்தது என்கிறார். சிரிக்காதீர்கள், நானும் குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் கேட்டேன். மேனேஜர் பையன் தண்ணீர் கொண்டு வந்தான். குடித்தேன்.

"எனக்க மாமியாக்கும்" என்றேன். "பதினெட்டு வருஷம் வீட்டில உள்ள தோக்கையெல்லாம் தொடச்சு வச்சிருந்தது அவியதான். மாமன் தொட்டதே இல்ல. இதில ஆளு உண்டுன்னும் அவியதான் சொன்னாவ."

"ஒறப்பாணோ?"

"ஒறப்பு. நான் கண்ணால கண்டவ. மின்னே ஒரு தடவ கேட்டப்ப மாத்திச் சொல்லிட்டேன். இப்ப இத எழுதிக்கிடுங்க."

எழுதினார். மாமியின் பெயரைக் கேட்டார். சொன்னேன். ஒரு எழுத்தும் பிசகாமல் எழுதுகிறாரா என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.